அட்டவணை ஒன்பது

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரியைப் புத்தாண்டுக்கு ஒரு பதிப்பகப் பிரதிநிதி கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய புத்தகத்தை விலைக்கு வாங்க வேண்டாம், வேறு வழி இருக்கிறது என்று ஆசிரியர்களிடம் சொல்வதுதான் என் உத்தியோகம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாதக் காலண்டர்கூடக் கிடைத்திருக்காது.

மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது "வருஷம் பூரா என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்பார்கள். அதற்காக எழுதி வைக்கிறேன். உலகத்தில் சில பேராசிரியர்கள் தாங்கள் எழுதிய பாடநூலை இணையத்தில் போட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றியும் கொள்ளலாம் என்று உரிமம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நூல்களைத் தேடி எடுத்து, எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் காட்டி, வகுப்பில் வைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நூலக உதவியாளர் கனகவல்லியாகிய நான் மூன்று வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன். ஓசியில் வருகிறது என்றாலே மட்டம் என்று நினைக்கிறார்கள். இயற்பியல் சம்பந்தம் சார், "தானம் வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. எனக்கு மாடே வேணாம்மா" என்றார்.

முதல் வெற்றி செவிலியர் துறை டெய்சி ராணி மேடம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். மருந்தளவு கணக்கிடும் அமெரிக்க நூல் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அதில் குழந்தைகளின் எடை பவுண்டில் இருந்தது. பதினான்கு அட்டவணைகளையும் நான் கிலோவுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் மேடம் பார்த்துச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கிறிஸ்துமஸுக்கு அவர் பாளையங்கோட்டை போய்விட்டார். அப்படியும் வேலை நிற்கவில்லை. முப்பதாம் தேதியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், பதினான்கிலும் சுருக்கொப்பத்தோடு.

ஜனவரி 8, புதன்

புத்தகம் வந்தது. ஐம்பத்தெட்டு மாணவிகள், ஐம்பத்தெட்டு பிரதிகள். வகுப்பில் என்னையும் பேசச் சொன்னார்கள். "இதை யாரும் நகல் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், தப்பே இல்லை" என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ அல்வா.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்தது. கரும்பு கடித்து ஈறு வீங்கியதுதான் மிச்சம். சம்பந்தம் சார் தானாக வந்து, "அந்த மாடு கறக்குதா?" என்று கேட்டார். இருபத்தொன்றாம் தேதி நூலகத்தில் சின்னக் கூட்டம் வைத்து எல்லாத் துறைக்கும் காட்டலாம் என்று தணிகாசலம் சார் சொல்லிவிட்டார். அவர்தான் தலைமை நூலகர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கூட்டம் நடந்தது. பதினொரு பேர் வந்தார்கள். வடை தீர்ந்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

தலைவலி. விடுப்பு.

ஜனவரி 23, வியாழன்

எழுதிவிட்டால் மனது அடங்கும் என்று பார்க்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால், மூலத்தையும் நம் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டலாம் என்று எடுத்து வைத்துப் பார்த்தேன். அட்டவணை 9, குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப். மூல நூலில் மற்றப் பதிமூன்றும் பவுண்டு. இது ஒன்று மட்டும் முதலிலேயே கிலோ. நான் தலைப்பைப் பார்க்காமல் செக்குமாடு மாதிரி எல்லாவற்றையும் 2.2-ஆல் வகுத்துக்கொண்டே போயிருக்கிறேன். பத்து கிலோ நாலரை ஆகிவிட்டது. மருந்தின் அளவு பத்து கிலோவுக்கு உள்ளதே இருக்கிறது. நாலரைக் கிலோக் குழந்தைக்கு அந்த அட்டவணையைப் பார்த்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேலே போகும்.

 அப்படியே கூட்டத்தில் போய் நின்று சிரித்துப் பேசினேன். அட்டவணை 2-ஐக் காட்டினேன்.

இன்று நூலகத் தளத்தில் இருந்த கோப்பை எடுத்துவிட்டுச் சரி செய்ததைப் போட்டுவிட்டேன். அதோடு முடிந்தது. மாணவிகள் இன்னும் நான்காம் பாடம்தான் நடத்துகிறார்களாம். ஒன்பதுக்கு வர மாதமாகும். டெய்சி மேடத்திடம் சொல்லலாம்தான். சொன்னால் அச்சுக்கு முந்தைய தாள்களை எடுத்துப் பார்ப்பார். அது இப்போது தேவையில்லாத வேலை.

ஜனவரி 24, வெள்ளி

பைண்டிங் விட்டுப்போகிறது, ஒட்டித் தருகிறோம் என்று சொல்லிப் பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். ஐம்பத்தொன்று வந்தன. சரியான அட்டவணையைத் தனித்தாளில் அடித்து, பழையதன் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன். விரலெல்லாம் பசை. தணிகாசலம் சார் எட்டிப் பார்த்து, "என்னம்மா ஒட்டற?" என்றார். "அச்சு மங்கல் சார்" என்றேன். பொய் சொல்ல நாக்கு கூசும் என்பார்கள். எனக்குக் கூசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மீதி ஏழு பேர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டேன். குழந்தைகள் வார்டு.

ஜனவரி 26, ஞாயிறு

எதிர்வீட்டு மாலதி தன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பதினைந்து நிமிஷம். அது என் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தது. "எத்தனை கிலோ இருக்கும் மாலதி?" என்று கேட்டேன். "போன ஊசிக்குப் போனப்போ நாலே முக்கால்க்கா. ஏன், கண்ணு வைக்கிறீங்களா?" என்று சிரித்தாள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவர், "சீரியல்ல யாரும் செத்துட்டாங்களா?" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

அரை நாள் விடுப்புப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு பேரில் ஆறு பேரின் புத்தகத்தில் வராந்தாவில் உட்கார்ந்தே தாளை ஒட்டினேன். ஏழாவது பர்வீன். நன்றாகப் படிக்கிற பெண், பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"என் புக் ஹாஸ்டல்ல இருக்கு மேடம். வார்டுக்கு அதைத் தூக்கிட்டு வர முடியுமா? தேவையானதை இதுல எழுதிக்கிட்டேன்" என்று கோட் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினாள். அட்டவணை 9, சிவப்பு மையில் கோடு போட்டு, அச்சு மாதிரி கையெழுத்து.

"இதை யாருக்காவது குடுத்தியாம்மா?"

"போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன் மேடம். எங்க சீனியர் அக்காங்க எல்லாம் அதுல இருக்காங்க. ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்குன்னு சொன்னாங்க. யாருக்கும் கொடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க!"

ஆமாம் என்றேன்.  அந்த நோட்டைப் பிடுங்கியிருக்கலாம். "இது தப்பு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்டு சிஸ்டர் அவளைக் கூப்பிட்டார், அவள் ஓடிவிட்டாள். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

பர்வீன் இன்று ஐந்து கிலோக் குழந்தை ஒன்றுக்குச் சிரப்பை அளந்து ஊற்றி, வாய் அருகே கொண்டுபோயிருக்கிறாள். வார்டு சிஸ்டர் கையைத் தட்டிவிட்டாராம். "அடிப்பாவி, இவ்வளவா ஊத்துவே? எதைப் பார்த்து ஊத்தின?" அவள் நோட்டைக் காட்டியிருக்கிறாள்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஜனவரி 29, புதன்

டீன் அறை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பர்வீனைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புத்தகக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். மேஜையில் வைக்கப் போகையில் தாள்கள் கீழே கொட்டிவிட்டன. தணிகாசலம் சார் பொறுக்கிக் கொடுத்தார்.

டீன் அட்டவணை 9-ஐ எடுத்து மேஜையில் வைத்து, அதன் மூலையிலிருந்த சுருக்கொப்பத்தைக் காட்டினார். "இது உங்களுதா மேடம்?"

டெய்சி மேடம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. 

"என்னுதுதான் சார். பார்த்த ஞாபகம் இல்லை. ஆனா போட்டிருக்கேன்னா பார்த்திருக்கணும். தப்பு என்னுது."

அட்டவணையை அடித்தது நான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடிப்பவள் தப்பு விடுவாள், பார்ப்பவர்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கிறிஸ்துமஸ் வாரம் ஊரில் இருந்தது மேடத்துக்கு நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. அதை நினைவூட்டுவது என் வேலை இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

புத்தகத்தை வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். பிரதிகளை என்னிடமே ஒப்படைக்கச் சொன்னதால், நான் ஒட்டிய தாள்களை மேலே யாரும் பார்க்கவில்லை. துறைக்கு வெளியே யாரும் மூச்சுவிடக் கூடாது என்று டீன் உத்தரவு. அந்த உத்தரவு எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க பங்கு என்ன?" என்று என்னைக் கேட்டார்கள். "தட்டச்சும் கணக்கு மாத்தறதும் மட்டும்தான் சார். மேடம் பார்த்துக் கொடுத்ததை அச்சுக்கு அனுப்பினேன்." இதைச் சொல்லும்போது சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வெளியே பெஞ்சில் பர்வீன், பக்கத்தில் அவள் வாப்பா. மனுஷர் நெய்வேலியில் லாரி ஓட்டுகிறாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மேடம், புள்ளை புக்கைப் பார்த்துத்தானே எழுதிச்சு. அது மேல என்ன தப்பு? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். பர்வீன் தலை நிமிரவில்லை.

தணிகாசலம் சார் சாயங்காலம் ரகசியமாக, "உன் பேர் வராம பார்த்துக்கிட்டேன். மார்ச்ல ரெனியூவல் இருக்கு, வாயைத் திறக்காதே" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை.  மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியிலும் பயம், வீட்டிலும் பயம், தொலைபேசி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிட.

பிப்ரவரி 4, செவ்வாய்

டெய்சி மேடம் நூலகத்துக்கு வந்தார். என்னைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் மூல நூலைக் கேட்டார். மீதிப் பதிமூன்று அட்டவணைகளையும் மறுபடி முதலிலிருந்து பார்க்கப் போகிறாராம். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தார். நாலு மணி நேரம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

டீ வாங்கிக்கொண்டு போய் வைத்தேன்.

"உட்காரு கனகா. புள்ளைங்களுக்கு இருபத்தாறு வருஷமா ஒண்ணேதான் சொல்லித் தர்றேன். கண்ணால பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடாதேன்னு. நானே போட்டிருக்கேன் பாரு. நேத்து வார்டுல ஒரு ஊசி மருந்து எடுக்கச் சொன்னாங்க. சிரிஞ்சைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், அளவு சரியா தப்பான்னு எனக்கே நம்பிக்கை வரலை. சின்னப் பொண்ணு ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். எனக்கு மறதி வியாதி வந்துடுச்சோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்."

அவர் டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடம், உங்களுக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து நூலகர் பேசினார். முகம் தெரியாதவர், உற்சாகமான குரல். "உங்க மருந்தளவு புத்தகத்துலேருந்து ஒரு டேபிள் எங்க பசங்ககிட்ட சுத்துதுங்க. பிரமாதமா இருக்கு. முழுப் புத்தகமும் எங்களுக்கு வேணும், உரிமம் திறந்ததுதானே?"

எந்த டேபிள் என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன்.

"குழந்தைங்க சிரப்புக்கு உள்ளது. சிவப்பு மையில எழுதியிருக்கு."

 இங்கே ஐம்பத்தெட்டுப் புத்தகத்தில் தாள் ஒட்டினால் போதும் என்று இருந்தேன். அது எத்தனை போனில் இருக்கிறது, எத்தனை சுவரில் ஒட்டியிருக்கிறது என்று எந்தக் கோப்பிலும் இருக்காது. அவரிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம், தப்பு இருக்கிறது, எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "என்ன தப்புங்க?" என்றார். சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டு ஒருவரிடம் சொன்னேன். அவர் நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு ஓடினார். நானும் அன்றைக்கே அப்படி ஓடியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

இப்படி நூலை மாற்றி வெளியிடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தப்பு நேர்ந்தால் திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். என்ன தப்பு, யார் செய்தது, எப்படி நேர்ந்தது, மூன்றும் இருக்க வேண்டும். நேற்று வந்த தொலைபேசியைப் பற்றிச் சொன்னதும், டீன் உத்தரவாவது மண்ணாவது, குறிப்பு போட்டே ஆக வேண்டும் என்று டெய்சி மேடம் கிளம்பிவிட்டார். "என் பேர்ல போடு. சரிபார்த்தது டெய்சி ராணின்னு எழுது."

கணினி முன்னால் உட்கார்ந்தேன். டெய்சி என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

"மேடம், ஒன்பதாவது நீங்க பார்க்கலை."

"என்ன?"

"டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி நீங்க ஊர்ல இருந்தீங்க. அச்சகத்துல அவசரப்படுத்தினாங்க. அந்த ஒரு தாள்தான் பாக்கி. நான் போட்டேன். உங்க சுருக்கொப்பத்தை நான்தான் போட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"மூணு நாள் முன்னாடி இதே இடத்துல உட்கார்ந்து என் மறதியைப் பத்திப் பேசினேன். நீ டீ கொண்டு வந்து வச்சே."

"ஆமா மேடம்."

"நாளைக்கு எனக்கு மண்டையை ஸ்கேன் எடுக்கப் போறாங்க கனகா."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "எழுது" என்றார். எழுதினேன்:

'எங்கள் நூலகம் வெளியிட்ட மருந்தளவு நூலில் அட்டவணை 9 தவறானது. அதிலுள்ள எடைகள் இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. யாரும் பயன்படுத்தக் கூடாது. நகலோ, படமோ, கையால் எழுதியதோ, எதுவானாலும் அழித்துவிடவும். எடைகளை மாற்றியவள் நான். இதை டெய்சி ராணி பார்க்கவில்லை. அவருடைய சுருக்கொப்பத்தை நான் தவறுதலாக இட்டுவிட்டேன். மாணவி பர்வீன் மேல் எந்தத் தவறும் இல்லை. பிழை தெரிந்தவுடன் நூல் நிறுத்தப்பட்டது. கனகவல்லி, நூலக உதவியாளர்.'

அச்செடுத்துக் கொடுத்தேன். மேடம் படித்தார். பேனாவை எடுத்து 'தவறுதலாக' என்ற சொல்லை அடித்தார். "டேபிள்ல நடந்தது தவறுதல். இது தவறுதல் இல்லை." மற்ற வரிகளில் கை வைக்கவில்லை.

தளத்திலும் போட்டு, தெரிந்த கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். பர்வீனின் குழுவிலும் போடச் சொன்னேன். கீழே என் கைபேசி எண். வீட்டில் இவரிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை. "வேலை போயிடுமா?" என்று மட்டும் கேட்டார். போகும் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்பது இடங்களிலிருந்து பதில் வந்தது, அழித்துவிட்டோம் என்று. மேடத்தின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதை அவர் சொல்லவில்லை, துறை உதவியாளர் சொன்னார்.

பதினொன்றரைக்கு ஒரு அழைப்பு. செல்வநாயகி என்றார். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏதோ கிராமத்தில் தனியார் கிளினிக் நர்ஸ். குறிப்பு இப்போதுதான் அவர் கைக்கு வந்ததாம். அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து மருந்து அலமாரியில் ஒட்டி வைத்திருந்தார்களாம்.

"கிழிச்சுட்டேன் மேடம். ஆனா ஒண்ணு கேக்கணும். போன மாசம் முப்பதாம் தேதி ஒரு குழந்தைக்கு இதைப் பார்த்துத்தான் குடுத்தேன். ஆறே முக்கால் கிலோ. மூணு வேளை. மறுநாள் ஒரே வாந்தி, கண்ணு சொருகிடுச்சு. கடலூருக்கு எடுத்துட்டுப் போய் அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. இப்ப வீட்டுக்கு வந்துடுச்சு, பால் குடிக்குது. நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு பத்து நாளா தூங்கலை."

பால் குடிக்கிறதா என்று மறுபடி கேட்டேன். குடிக்கிறது என்றார். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"நீங்க பண்ணலம்மா. நான் பண்ணது."

"அது சரி மேடம். பிழை தெரிஞ்சவுடன் நிறுத்திட்டோம்னு போட்டிருக்கீங்களே. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது? முப்பதாம் தேதிக்கு அப்புறந்தானே?"

 அவர், "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன்.  பின்னால் ஏதோ குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"இருபத்தொண்ணாம் தேதி" என்றேன்.

அவர் எண்ணிப் பார்த்திருப்பார். போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் யாரும் வருமுன் நூலகத்தைத் திறந்தேன். திருத்தக் குறிப்பில் 'பிழை தெரிந்தவுடன் நூல் நிறுத்தப்பட்டது' என்ற வரியை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்:

'பிழை ஜனவரி 21 அன்றே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரி 30 அன்று ஒரு குழந்தைக்கு இந்த அளவு கொடுக்கப்பட்டது.'

முன்பு அனுப்பிய எல்லாருக்கும் மறுபடி அனுப்பினேன். ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டது. பத்து மணிக்கு டீன் அறையிலிருந்து ஆள் வந்தார். போகிறேன்.